மஞ்சளின் நிறம்: கந்தமால் மலைகளில் சந்தையும் சங்கமும்

"பழங்குடி விவசாயிகளிடையே தொழில்முனைவுத் திறனை வளர்த்தல்" என்ற சொற்றொடரை அரசுக் குறிப்புகளிலும் தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளிலும் நாம் அடிக்கடி காண்கிறோம். மலையில் மிளகோ மஞ்சளோ இஞ்சியோ விளைவிப்பவர்களுக்கு விளைவிக்கத் தெரியும், விற்கத் தெரியாது, ஆகவே கற்றுக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். இந்தக் கருத்து எவ்வளவு பழையது என்று தேடிப் போனால், நாம் எதிர்பாராத ஓரிடத்தில் போய் நிற்கிறோம். அது 1840களின் சென்னை ராஜதானி. பயிர் மஞ்சள். மக்கள் இன்றைய ஒடிசாவின் கந்தமால் மலைகளில் வாழும் கந்தர்கள். ஆங்கிலேயர் ஏடுகளில் இவர்கள் 'கோந்த்' எனப்பட்டனர்.

கந்தர்கள் பேசுவது குயி மொழி. நமக்கு அது அந்நியமன்று. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றோடு இம்மொழியையும் 'கு' என்ற பெயரில் சேர்த்திருக்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குயி பேசுவோர் 9 லட்சத்துக்கும் மேல். எழுத்து வழக்கு மிகக் குறைவு. ஒரு மொழி இலக்கண ஆசிரியர்களின் பட்டியலில் இடம்பெற்றும் வாசகரின் நினைவில் இடம்பெறாமல் போவது திராவிட இயலில் புதிதல்ல.

சால் மரக்காடுகள் சூழ்ந்த மலைச்சரிவுகளில் இம்மக்கள் நெடுங்காலமாக மஞ்சள் பயிரிட்டு வருகின்றனர். கோடை மழைக்கு நட்டு, உதிர்ந்த சால் இலைகளை மேலே பரப்பி மூடிவிடுவார்கள். இலை ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும், பிறகு மக்கி உரமாகும். இரண்டு ஆண்டுகள் மண்ணிலேயே விட்டுக் கிழங்கெடுக்கும் வழக்கமும் இருந்தது. இரண்டு ஆண்டு என்ற இந்தக் காலக்கணக்கை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் வரும் கடன் கதைக்கு அதுவே திறவுகோல்.

இந்த மலைகள் ஆங்கிலேயரின் கண்ணில் பட்டது வணிகத்தால் அல்ல. சென்னை ராஜதானியின் கஞ்சம் மாவட்டத்தைச் சேர்ந்த கும்சூர் ஜமீனில் வரிப்பாக்கியின் பொருட்டு 1835-36-இல் போர் மூண்டது. தப்பியோடியவர்களைத் துரத்திக்கொண்டு மலைக்குள் நுழைந்த படையினர் அங்கே 'மெரியா' எனும் நரபலி வழக்கத்தைக் கண்டதாக எழுதினர். நிலத்தாய்க்குப் பலியிட்டு, உடலின் பகுதிகளை வயல்களில் புதைக்கும் சடங்கு அது. அந்த ஏடுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு செய்தி உண்டு. இரத்தம் சிந்தாவிட்டால் மஞ்சளுக்கு ஆழ்ந்த செந்நிறம் வராது என்று கந்தர்கள் வாதிட்டார்களாம். பின்னாளில் ஃப்ரேசர் தம் 'பொற்கிளை' நூலில் இதை எடுத்தாள, உலகெங்கும் மானிடவியல் மாணவர்கள் கந்தமால் மஞ்சளை முதலில் அறிந்தது இப்படித்தான். ஒரு விளைபொருளுக்கு இதைவிடக் கொடிய விளம்பரம் வாய்த்திருக்க முடியாது.

மெரியாவை ஒடுக்க 1845-இல் தனி ஏஜென்சி ஒன்று அமைக்கப்பட்டது. மக்ஃபர்சனும் கேம்பெலும் அதன் பெயர்பெற்ற அலுவலர்கள். ஒருவரை ஒருவர் சகிக்காதவர்கள் என்பது வேறு கதை. நமக்கு இங்கே முக்கியமானது, நரபலியை நிறுத்தும் வழிகளாக அந்நாளைய சென்னை அரசு வட்டாரங்களில் பேசப்பட்ட மருந்துகளின் பட்டியல். துப்பாக்கியோடு சாலையும் சந்தையும் அதில் இருந்தன. மலையையும் சமவெளியையும் வணிகத்தால் இணைத்துவிட்டால், உப்புக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு இறங்கி வருபவன் நாகரிகத்துக்கும் இறங்கி வருவான் என்பது எண்ணம். பழங்குடி மனிதனைச் சந்தை மனிதனாக மாற்றினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை அன்றே கோப்பில் ஏறிவிட்டது. ஃபெலிக்ஸ் பேடல் 1995-இல் வெளியிட்ட தம் நூலில், நரபலியை ஒழிக்க வந்த ஆட்சியே வேறொரு வகைப் பலியை நிறுவியது என்ற கோணத்தில் இவ்வரலாற்றை ஆராய்ந்தார். அவருடைய எல்லா முடிவுகளோடும் நாம் உடன்படவில்லை. எனினும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இம்மலையின் பொருளியலைப் பேச இயலாது என்பது உறுதி.

சாலை வந்தது. சந்தையும் வந்தது. சந்தையோடு வந்தவர்கள் யார்?

எஃப். ஜி. பெய்லி என்ற மானிடவியலாளர் 1950களில் கந்தமாலின் பிசிபாரா என்ற ஊரில் தங்கி ஆய்ந்து, 1957-இல் 'சாதியும் பொருளாதார எல்லைப்புறமும்' என்ற பொருள்படும் நூலை எழுதினார். வீட்டில் சாராயம் காய்ச்சுவதை அரசு தடைசெய்து, காய்ச்சும் உரிமையைக் குத்தகைக்கு விட்டதால், கஞ்சம் சமவெளியிலிருந்து மேலேறிய சாராய வணிகச் சாதியினர் எப்படிச் செல்வராயினர் என்பதை அதில் விளக்குகிறார். குடிக்கடன் நிலத்தில் போய் முடிந்தது. பிற்காலத்தில் மதுக்கடைகள் மூடப்பட்டபோதும் சேர்ந்த நிலமும் மூலதனமும் அவர்களிடமே தங்கின. அதே மூலதனம் கடைகளுக்கும் மஞ்சள் கொள்முதலுக்கும் திரும்பியது. மஞ்சளே அம்மலையில் ரொக்கம் தரும் பயிர். விளைவித்தவர் கந்தர், விற்றவர் பிறர்.

இங்கேதான் அந்தக் காலக்கணக்கு வேலை செய்கிறது. பயிர் நெடுநாள் மண்ணில் கிடக்கிறது. இடையில் மழைக்காலத்தில் வீட்டில் தானியம் தீர்ந்துபோகிறது. நோயும் திருமணமும் சாவும் அறுவடைக்காகக் காத்திருப்பதில்லை. வணிகர் முன்பணம் தருகிறார், விலையையும் அப்போதே பேசி முடித்துவிடுகிறார். அறுவடையின்போது சந்தையில் என்ன விலை என்பது கந்தருக்குத் தெரிந்திருந்தாலும் பயனில்லை, மஞ்சள் முன்பே விற்றுப் போய்விட்டது. ஆகவே 'விற்கத் தெரியாதவர்' என்ற விவரிப்பு பிழையானது என்றே நாம் கருதுகிறோம். அவர்களிடம் இல்லாமற்போனது அறிவு அல்ல, காத்திருக்கும் வசதி. கோபிநாத் மொகந்தி 1945-இல் எழுதிய 'பரஜா' நாவலைப் படித்தவர்களுக்கு இந்த இயக்கம் பழக்கமானதே. அது கோராபுட் பகுதியின் வேறொரு பழங்குடியினரைப் பற்றியது. ஆனால் சாகுகாரின் கணக்கேடு ஒரு குடும்பத்தை விழுங்கும் விதம் இரு மலைகளுக்கும் பொதுவானது.

கடனுக்கு மாற்றாகக் கூட்டுறவு என்ற எண்ணம் இந்தியாவில் முதலில் முறையாக எழுதப்பட்டதும் சென்னையில்தான். ஃபிரடெரிக் நிக்கல்சன் ஜெர்மனியின் ரைஃபைசன் சங்கங்களை ஆராய்ந்து 1895-இலும் 1897-இலும் அளித்த அறிக்கைகளின் தொடர்ச்சியே 1904 கூட்டுறவுச் சட்டம். அவ்வாண்டே திருவள்ளூருக்கு அருகே திரூரில் முதல் சங்கங்களுள் ஒன்று பதிவாயிற்று. ஆனால் அரை நூற்றாண்டு கழித்து, 1954-இல் வெளியான அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு, கிராமத்தார் வாங்கும் கடனில் கூட்டுறவின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடே என்று கண்டது. சமவெளியிலேயே இந்நிலை என்றால் மலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

மலைக்கென்று தனி அமைப்பு வேண்டும் என்று 1971-இல் பாவா குழு பரிந்துரைத்தது. கடன், இடுபொருள், அன்றாடப் பண்டம், விளைபொருள் கொள்முதல் ஆகிய நான்கையும் ஒரே கூரையின்கீழ் தருவது நோக்கம். வணிகர் இந்த நான்கையும் ஒரே கடையில்தானே தந்துவந்தார்! அவரை வெல்ல வேண்டுமானால் அவரைப் போலவே இருக்க வேண்டும் என்று குழு சரியாகவே கணித்தது. ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் 'லேம்ப்' எனப்படும் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இப்படிப் பிறந்தன. நம்முடைய ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் கல்வராயன் மலையிலும் 'லேம்ப் சொசைட்டி' என்றால் தெரியாதவர் இல்லை.

கணிப்பு சரியாக இருந்தும் விளைவு ஏன் மெலிந்தது? வணிகர் இரவிலும் கதவைத் திறப்பார், சங்கம் அலுவலக நேரத்தில் திறக்கும். வணிகருக்கு ஒவ்வொரு குடும்பத்தின் இக்கட்டும் தெரியும். சங்கச் செயலரோ பெரும்பாலும் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த அரசு ஊழியர், மலையில் தங்குவது அவருக்குத் தண்டனை. 'பெரும்' என்ற அடைமொழியே ஒரு சிக்கல். பல ஊர்களை ஒரு சங்கத்தில் அடக்கியதால் அது பொருளாதார அளவில் பெரிதாயிற்று, உறுப்பினரின் கால்நடைத் தொலைவுக்கு அப்பாலும் போயிற்று. தேர்தல் நடந்த ஆண்டுகளைவிடத் தனி அலுவலரின் ஆட்சியில் கழிந்த ஆண்டுகள் பல மாநிலங்களில் அதிகம். காலப்போக்கில் பல லேம்ப் சங்கங்கள் நியாய விலைக்கடையாகவும் கடன் வழங்கும் கவுண்டராகவும் சுருங்கின.

சங்கமே வணிகராக மாறியதும் உண்டு. ஒடிசாவில் பல காட்டுப்பொருள்களைக் கொள்முதல் செய்யும் தனியுரிமை பழங்குடி வளர்ச்சிக் கூட்டுறவுக் கழகத்திடம் இருந்தது. ராயகடா மாவட்டத்தின் மண்டிபிசியில் பழங்குடிப் பெண்கள் 1990களில் தாங்களே சீமாறுப்புல் திரட்டி, துடைப்பம் கட்டி விற்க முனைந்தபோது அந்தத் தனியுரிமை குறுக்கே நின்றது, சரக்கும் கைப்பற்றப்பட்டது. புல்லாகக் கொடுத்தால் கூலி, துடைப்பமாகக் கட்டினால் குற்றம். பழங்குடியினரைப் பாதுகாக்கப் பிறந்த ஓர் அமைப்பின் பெயரால், பழங்குடிப் பெண்களின் தொழில்முனைவு தடுக்கப்பட்ட கதை இது. 2000-ஆம் ஆண்டில் ஒடிசா அரசு பல காட்டுப்பொருள்களை ஊராட்சிகளின் பொறுப்புக்கு மாற்றியதற்கு இத்தகைய போராட்டங்களும் காரணம். திறன் வளர்ப்பு பற்றிப் பேசும் பயிற்சிக் கையேடுகளில் இந்நிகழ்வை முதல் பாடமாக வைக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

மஞ்சளுக்கு வருவோம். கந்தமாலில் மாவட்ட நிர்வாகத்தின் முன்முயற்சியில் 1998-இல் 'கசாம்' என்று சுருக்கமாக வழங்கும் கந்தமால் நறுமணப்பொருள் சந்தைப்படுத்தும் தலைமைச் சங்கம் உருவாயிற்று. 61 வட்டார வளர்ச்சிச் சங்கங்கள், ஏறத்தாழ 12,000 குடும்பங்கள். மஞ்சளோடு இஞ்சி, கடுகு முதலியனவும் சேர்ந்தன. இரசாயன உரமே இடாத பழைய முறை, இயற்கை வேளாண்மை என்ற புதிய சான்றிதழோடு ஐரோப்பிய வாங்குபவர்களைச் சென்றடைந்தது. நேற்றுவரை 'பின்தங்கிய சாகுபடி' என்று விரிவாக்க அலுவலர் குறைகூறிய அதே சால் இலை மூடாக்கு, ஒரு முத்திரை விழுந்ததும் உயர்மதிப்புத் தொழில்நுட்பம் ஆகிவிட்டது.

இத்தகைய சங்கங்களில் உண்மையாகவே கற்க வேண்டியிருந்த திறன்கள் எவை என்பதைப் பார்ப்போம். மஞ்சளைப் பச்சையாக விற்றால் எடை கூடும், விலை குறையும். வேகவைத்து, பத்து பதினைந்து நாள் வெயிலில் உலர்த்தினால் ஐந்தில் ஒரு பங்கே மிஞ்சும். 100 கிலோ பச்சைக் கிழங்கு 20 கிலோ அளவுக்கு உலர் மஞ்சளாகும். வேக்காடு குறைந்தால் உள்ளே கருக்கும், கூடினால் நிறம் கெடும். இது மலைக்காரருக்கு முன்பே தெரிந்த கைத்திறன். தெரியாதது வேறு. எண்ணெய்ப்பிசின் எடுக்கும் ஆலைகள் மஞ்சளைத் தோற்றத்தால் மதிப்பிடுவதில்லை, குர்க்குமின் அளவையும் எண்ணெய் அளவையும் ஆய்வகத்தில் சோதித்து வாங்குகின்றன. உள்ளூர்ச் சந்தையிலோ பாலிஷ் பிடித்த பளபளப்புக்கே விலை. மெருகேறாத மலை மஞ்சள் அங்கே தோற்றுப்போகும். தன் சரக்கில் என்ன இருக்கிறது என்ற ஆய்வறிக்கை வாங்குபவர் கையில் மட்டும் இருக்கும்போது, பேரம் என்பது பெயரளவுக்கே. சோதனைச் சீட்டைப் படிக்கத் தெரிவது ஒரு பயிற்சி நாளில் கைவரும் காரியம். அதைக் கேட்டுப் பெறும் நிலையில் இருப்பது வேறு காரியம்.

நிறம் பற்றி இன்னொன்று. வங்கதேசத்தில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் ஏற்ற ஈயக் குரோமேட்டைப் பூசும் வழக்கம் பரவியிருந்ததை 2019-இல் வெளியான ஓர் ஆய்வு வெளிக்கொணர்ந்தது. கந்தர் தம் மஞ்சளின் நிறத்துக்காக இரத்தம் கேட்டனர் என்று எழுதிய 19-ஆம் நூற்றாண்டின் கனவான்கள் இதற்கு என்ன பெயர் சூட்டியிருப்பார்கள்?

சான்றிதழுக்கும் ஓர் உள்கதை உண்டு. சிறு விவசாயிகள் தனித்தனியே சான்று பெற இயலாது. குழுவாகப் பெறுவர். பல இடங்களில் குழுவுக்கான செலவை ஏற்கும் ஏற்றுமதி நிறுவனத்தின் பெயரிலேயே சான்றிதழ் இருந்துவந்தது. விவசாயிகள் அந்நிறுவனத்தை விட்டு விலகினால் இரண்டு மூன்று ஆண்டு உழைத்துப் பெற்ற தகுதி கைவிட்டுப் போகும். முன்பணத்தின் புதிய வடிவம் என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

அதைவிடக் கடினமானது விலைவீழ்ச்சியைத் தாங்கும் திறன். ஈரோட்டுச் சந்தையில் 2010-11-இல் குவிண்டாலுக்கு 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள் விலை 2012-இன் தொடக்கத்தில் 5,000-க்கும் கீழே சரிந்ததை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். கிடங்கும் வங்கிக் கடனும் உள்ள ஈரோட்டு விவசாயியே அப்போது தடுமாறினார். மலைச் சங்கம் இப்படிப்பட்ட ஆண்டில் என்ன செய்யும்? உயர்ந்த விலையில் உறுப்பினரிடம் வாங்கி வைத்திருந்தால் நட்டம் சங்கத்துக்கு. வாங்க மறுத்தால் உறுப்பினர் பழைய வணிகரிடம் போவார், அடுத்த ஆண்டு திரும்பமாட்டார். இலாபத்தில் ஒரு பகுதியைப் பங்கிடாமல் ஒதுக்கிவைக்க ஏழை உறுப்பினர்களைச் சம்மதிக்க வைப்பதே தலைவருக்கு வாய்க்க வேண்டிய திறன். அதை மூன்று நாள் பயிலரங்கில் சொல்லிக்கொடுக்க முடியும் என்று நாம் நம்பவில்லை. ஓரிரு தடவை சங்கம் நட்டப்பட்டு, கணக்கு எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டு, சண்டையும் போட்டுப் பிறகுதான் அது வரும். அரசு மானியத்தால் ஒவ்வொரு நட்டமும் மூடி மறைக்கப்படும் சங்கத்தில் அது வரவே வராது.

ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. இக்கதையில் 'இடைத்தரகர்' என்ற சொல்லை நாம் எளிதாகப் புழங்கிவிட்டோம். கந்தமாலில் அச்சொல்லுக்கு ஒரு முகமும் சாதியும் கற்பிக்கப்பட்டுள்ளன. கந்தர்களோடு அதே ஊர்களில் வாழ்ந்து, அதே குயி மொழியைப் பேசும் பாண எனும் தலித் மக்கள் பழைய காலத்திலேயே சிறு வணிகத்தில் ஈடுபட்டவர்கள். மெரியாவுக்கு ஆட்களைக் கொண்டுவந்தவர்கள் என்று ஆங்கிலேயர் எழுதிவைத்த பழியும் அவர்கள்மேல் உண்டு. சமவெளிப் பெருவணிகர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க, தலைச்சுமையாய் மஞ்சள் வாங்கிச் செல்லும் பாணரே 'சுரண்டுபவர்' ஆகத் தெரிந்தார். நிலம், இடஒதுக்கீடு, மதம், அரசியல் எல்லாம் பின்னிப் பிணைந்து 2007-இலும் 2008-இலும் அம்மாவட்டம் எரிந்தது. பல்லாயிரவர் வீடிழந்து முகாம்களில் கிடந்தனர். அவர்களுள் மிகப் பலர் கிறித்தவப் பாணர்கள். கிறித்தவக் கந்தர்களும் தப்பவில்லை. 2011 கணக்கெடுப்பில் அம்மாவட்டத்தில் பழங்குடியினர் 53 விழுக்காடு, பட்டியல் சாதியினர் 15 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 'பழங்குடியினர் சங்கம்' என்று கோடு கிழிக்கும்போது கோட்டுக்கு வெளியே நிற்கும் நிலமற்ற அண்டைவீட்டார் என்ன ஆவார் என்பதற்குத் திட்ட ஆவணங்களில் விடை தேடினோம். கிடைக்கவில்லை.

சட்ட வடிவங்கள் இதற்கிடையே மாறிக்கொண்டே வந்தன. ஆந்திரம் 1995-இல் அரசுத் தலையீடு குறைந்த கூட்டுறவுச் சட்டம் இயற்றியது. நிறுவனச் சட்டத்தில் 2002-இல் செய்த திருத்தம் உற்பத்தியாளர் நிறுவனம் என்ற புதிய வகைக்கு இடமளித்தது. நீலகிரியில் கோத்தகிரியை மையமாகக் கொண்டு 2013-இல் பதிவான ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் அவ்வகையே. தேன், மிளகு, காப்பி, இலவம் பஞ்சு என்று விற்கிறது. 2021-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அதற்குக் கிடைத்தது. அதன் பின்னே கீஸ்டோன் அறக்கட்டளை 1990களிலிருந்து அம்மலையில் ஆற்றிய பணி இருக்கிறது என்பதைப் பரிசுச் செய்தியை மட்டும் படிப்போர் கவனிப்பதில்லை. நிறுவனப் பதிவுக்கு முன்னால் இருபது ஆண்டுகள். திட்ட நிதியின் ஆயுளோ வழக்கமாக மூன்று, மிஞ்சினால் ஐந்து.

2018-இல் மத்திய அரசு தொடங்கிய வன்தன் மையங்கள் ஒவ்வொன்றிலும் 20 பேர் கொண்ட 15 சுய உதவிக் குழுக்கள், மொத்தம் 300 பேர், என்ற கணக்கு இருந்தது. எண்ணிக்கை நேர்த்தியாகத்தான் இருக்கிறது. மலையில் ஊர்கள் இருபது இருபதாக அமைவதில்லை.

கந்தமால் மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கசாம் சங்கத்தின் விண்ணப்பத்தின் பேரில் 2019-இல் கிடைத்தது. ஈரோட்டு மஞ்சளுக்கும் அதே ஆண்டு. குறியீடு சங்கத்தின் பெயரில் பதிவாகும். அதைப் பொதியின்மேல் பயன்படுத்த விரும்பும் விவசாயி, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். படிவம் குயி மொழியில் இல்லை. இந்தியா முழுமைக்குமான அந்தப் பதிவகம் இருப்பது சென்னை கிண்டியில். 1836-இல் கும்சூர் மலைக்கு ஆணைகள் புறப்பட்டதும் இந்த ஊரிலிருந்துதான்.